முதல் வேப் கருவி வாங்கும்முன்: இழுக்கும் விதத்திலிருந்து தொடங்குங்கள்

இதை சிகரெட் பிடிக்கிற பெரியவர்களுக்காக எழுதுகிறேன். சிகரெட்டைக் கைவிட வேப்பிங் ஒரு வழியாக இருக்குமா என்று யோசித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும் கருவிகளைப் பார்த்துக் குழம்பிப்போனவர்களுக்காக. சிகரெட் பழக்கமே இல்லாதவர் என்றால் இது உங்களுக்கு வேண்டாம். நிக்கோடின் ஒருமுறை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. இல்லாத பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க ஒரு காரணமும் இல்லை. 18 வயது ஆகாதவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

இன்னொன்று, சட்டம். இந்தியாவில் 2019-ல் வந்த சட்டப்படி மின்சிகரெட்டின், அதாவது வேப்பின், உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். பிரிட்டனில் பெரியவர்கள் வாங்கலாம். ஆனால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் விற்க முடியாது. ஆஸ்திரேலியாவில் மருந்துக்கடைகளில் மட்டும்தான் விற்கலாம். நீங்கள் இருக்கும் நாடு, போகப்போகிற நாடு இரண்டின் சட்டத்தையும் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உடம்புக்கு எப்படி? சிகரெட்டில் புகையிலை எரிகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த எரிதலில்தான் உண்டாகின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை, திரவம் சூடாகி ஆவியாகிறது. அதனால் தீங்கு குறைவு, ஆனால் தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள் தொடர்ந்து இழுத்தால் என்ன ஆகும் என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை. நிக்கோடின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றை விட நிக்கோடின் உள்ள வேப் அதிகம் பேருக்கு சிகரெட்டைக் கைவிட உதவுகிறது என்பதற்கு, காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் உறுதியான ஆதாரம் கிடைத்திருக்கிறது. ஆனால் சிகரெட்டும் வேப்பும் சேர்ந்தே ஓடினால் அந்தப் பலன் பெரிதாகக் கிடைக்காது.

உள்ளே என்ன நடக்கிறது

சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளர் 2003-ல் உருவாக்கிய கருவிதான் இன்றைய மின்சிகரெட்டுக்கு முன்னோடி. அதற்கும் நாற்பது ஆண்டுகள் முன்னால், 1963-ல், ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் புகையில்லா சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அது சந்தைக்கு வரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை வடிவம் எத்தனையோ மாறியிருக்கிறது. உள்ளே இருப்பது அதே சில பாகங்கள்தான்: மின்சாரம் தரும் பேட்டரி, திரவம் நிற்கும் டேங்க் அல்லது பாட், சூடாகும் கம்பியான காயில், அதைச் சுற்றியிருக்கும் பஞ்சு.

அகல் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். திரி எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்வரை விளக்கு ஒழுங்காக எரியும்; எண்ணெய் வற்றினால் திரி கருகும். காயிலும் பஞ்சும் அப்படித்தான். காயில் எவ்வளவு வேகமாகத் திரவத்தை ஆவியாக்குகிறதோ, அதே வேகத்தில் பஞ்சு அதை உறிஞ்சித் தர வேண்டும். பஞ்சு பின்தங்கினால் கருகல் சுவை தொண்டையில் அறையும். காய்ந்த பஞ்சு சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற கெட்ட பொருள்கள் அதிகமாக உண்டாகின்றன. அதனால் கருகல் சுவை வந்த உடனே இழுப்பதை நிறுத்த வேண்டும்.

முதல் படி: எப்படி இழுப்பீர்கள்?

எல்லோரும் கருவியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அழகாக இருக்கிறது, நண்பர் வைத்திருக்கிறார், ஆவி நிறைய வருகிறது என்று வாங்குகிறார்கள். என் கருத்தில் ஆரம்பிக்க வேண்டிய இடம் உங்கள் மூச்சு. அதைத் தீர்மானித்துவிட்டால் காயில், திரவம், நிக்கோடின் அளவு, பேட்டரி எல்லாம் தானாக அமைந்துவிடும்.

சிகரெட் பிடிக்கிறவர் புகையை முதலில் வாய்க்குள் இழுத்து, அப்புறம் நெஞ்சுக்குள் விடுவார். வேப்பில் இந்த முறைக்கு எம்.டி.எல். என்று பெயர். காற்று இறுக்கமாக வரும், ஆவி குறைவு, தொண்டையில் ஒரு பிடிப்பு இருக்கும். இன்னொன்று டி.டி.எல். ஆழ்ந்து மூச்சு விடுவதுபோல் நேராக நுரையீரலுக்கே இழுப்பது. காற்று தாராளமாக வரும், ஆவி மேகம்போல் கிளம்பும்.

சிகரெட்டை விடுவதற்காக வருகிறவர்களுக்கு எம்.டி.எல். தான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையும் வாயும் பழகிய அதே அசைவு அது. டி.டி.எல். கருவியோடு முதல் நாளே ஆரம்பிக்கிறவர்கள் பலர் இருமி இருமி, இது நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி சிகரெட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஒத்துவராமல் போனது அந்தக் கருவி மட்டும்தான் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

காயிலும் ஓமும்

காயிலின் மேல் ஓர் எண் அச்சிட்டிருக்கும்: 1.2 ஓம், 0.8 ஓம், 0.2 ஓம் என்று. மின்சாரத்துக்கு அந்தக் கம்பி காட்டும் தடை அது. எண் குறையக் குறைய மின்சாரம் அதிகமாகப் பாயும், சூடு கூடும், ஆவியும் கூடும்.

கணக்கு எளிது. மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும். பேட்டரி 3.7 வோல்ட் தருகிறது, காயில் 1.2 ஓம் என்றால் கிட்டத்தட்ட 11 வாட். அதே பேட்டரியில் 0.2 ஓம் காயில் போட்டால் 68 வாட். எம்.டி.எல். இழுப்புக்குப் பொதுவாக 0.8 ஓமும் அதற்கு மேலும், சுமார் 10 முதல் 18 வாட் வரை. டி.டி.எல். என்றால் பெரும்பாலும் 0.5 ஓமுக்குக் கீழே, 30 வாட்டுக்கு மேலே. பல காயில்களில் ஓமுக்குப் பக்கத்திலேயே எத்தனை வாட்டிலிருந்து எத்தனை வாட் வரை என்றும் போட்டிருப்பார்கள். புதுக் காயிலை அந்த வரம்பின் கீழ் முனையில் தொடங்கி, சுவை பார்த்துக்கொண்டே ஓரிரு வாட்டாக ஏற்றுங்கள். உச்சத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

கம்பி பெரும்பாலும் கான்தால் அல்லது நிக்ரோமாக இருக்கும். சுற்றிய கம்பிக்குப் பதிலாக சல்லடைபோன்ற தகடு வைத்த மெஷ் காயில்கள் இப்போது பரவலாகிவிட்டன. பரப்பு அதிகம் என்பதால் சீராகச் சூடாகும், சுவையும் நன்றாக வரும். சில கருவிகளில் வெப்பநிலைக் கட்டுப்பாடும் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நிக்கல் போன்ற கம்பிகளில் சூடு ஏற ஏறத் தடை மாறும். அந்த மாற்றத்தை வைத்துக் கருவி சூட்டைக் கணித்து நிறுத்தும். நல்ல வசதிதான், ஆனால் முதல் கருவிக்கு அவசியமில்லை.

எந்தக் கருவி

தொடக்கக்காரருக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: திரும்பத் திரும்பத் திரவம் நிரப்பக்கூடிய, எம்.டி.எல். இழுப்புக்கான சின்ன பாட் கருவி. பேட்டரி உள்ளேயே பொருத்தியிருக்கும், யு.எஸ்.பி. கேபிளில் சார்ஜ் ஆகும், சட்டைப் பையில் அடங்கும். சிலவற்றில் வாயில் வைத்து இழுத்தாலே வேலை செய்யும், சிலவற்றில் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் உள்ளவற்றில் வேகமாக ஐந்து முறை அழுத்தினால் ஆன், இன்னும் ஐந்து முறை அழுத்தினால் ஆஃப் என்பது பொதுவான வழக்கம்.

பாட் கருவிகளில் இரண்டு வகை. ஒன்றில் காயில் பாட்டோடு சேர்ந்தே வரும், காயில் தேய்ந்தால் பாட்டையே மாற்ற வேண்டும். இன்னொன்றில் காயிலை மட்டும் பிடுங்கி வேறு போடலாம். இரண்டாவது வகையில் செலவும் குப்பையும் குறைவு. காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கச் சின்ன நகர்த்தி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் சிகரெட்டின் இறுக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியும். வாங்கும்முன் இன்னொரு கேள்வி கேளுங்கள்: இதற்கான காயிலோ பாட்டோ எளிதாகக் கிடைக்கிறதா? கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காயில் கிடைக்காவிட்டால் மேசை டிராயரில்தான் கிடக்கும்.

திரையும் பெரிய பேட்டரியும் உள்ள பாக்ஸ் மாட், அதன்மேல் திருகும் டேங்க், இதெல்லாம் டி.டி.எல். பக்கம் போகிறவர்களுக்கு. கம்பியைத் தாங்களே சுற்றிப் பஞ்சு வைக்கும் RDA, RTA வகைகள் ஓம் கணக்கு நன்றாகப் புரிந்தவர்களுக்கு. பாதுகாப்புச் சுற்று எதுவும் இல்லாத மெக்கானிக்கல் மாட்டை நான் தொடக்கக்காரருக்குச் சொல்லவே மாட்டேன். அதில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் நிறுத்துவதற்கு ஒன்றும் கிடையாது. பேட்டரி கையிலேயே வெடித்துக் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

திரவம்

பாட்டிலில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால், காய்கறி கிளிசரின், சுவை, நிக்கோடின். முதலிரண்டையும் பி.ஜி., வி.ஜி. என்பார்கள். பி.ஜி. நீர்த்தது, சுவையையும் தொண்டைப் பிடிப்பையும் தருவது. வி.ஜி. கெட்டியானது, லேசாக இனிக்கும், ஆவியைக் கூட்டும். எம்.டி.எல். காயிலில் பஞ்சுக்குத் திறந்திருக்கும் துளைகள் சிறியவை. அதில் 50-க்கு 50 கலவை நன்றாக ஓடும். 70 பங்கு வி.ஜி. உள்ள கெட்டித் திரவத்தை ஊற்றினால் பஞ்சு உறிஞ்சத் திணறி, கருகல் சுவை வரும். அதே கெட்டித் திரவம் டி.டி.எல். காயிலுக்குப் பொருத்தமானது. அங்கே நீர்த்ததை ஊற்றினால் ஒழுகும்.

நிக்கோடினிலும் இதே பொருத்தம்தான். 20 என்று போட்டிருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் என்று பொருள். சில பாட்டில்களில் அதையே 2 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் அதுதான் உச்சவரம்பு. வேறு சில இடங்களில் 5 சதவீதம், அதாவது 50 மில்லிகிராம் வரை கிடைக்கும். சதவீதத்தைப் பார்த்து இரண்டுதானே, ஐந்துதானே என்று நினைத்துவிடாதீர்கள்.

நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறவர் எம்.டி.எல். பாட் கருவியில் 20 மில்லிகிராம் நிக் சால்ட்டோடு தொடங்கலாம். பத்து சிகரெட்டுக்குக் கீழே என்றால் 10 அல்லது 12 போதும். நிக் சால்ட் என்பது நிக்கோடினோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்துச் செய்வது. அளவு கூடினாலும் தொண்டையைக் கீறாது. அமிலம் சேர்க்காத பழைய ஃப்ரீபேஸ் வகை அளவு கூடினால் கீறும். டி.டி.எல். கருவிக்கு 3, மிஞ்சினால் 6 மில்லிகிராம் ஃப்ரீபேஸ். அந்தக் கருவியில் 20 நிக் சால்ட்டை ஊற்றி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே இழுப்பில் அவ்வளவு ஆவி உள்ளே போகிறது, அவ்வளவு நிக்கோடினும் கூடவே போகும். தலைசுற்றல், குமட்டல், குளிர்ந்த வியர்வை என்று வந்தால் நிக்கோடின் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கருவியைக் கீழே வையுங்கள்.

மிகவும் குறைவாக எடுப்பதும் தவறுதான். பாக்கெட் கணக்கில் பிடித்தவர் 3 மில்லிகிராமோடு ஆரம்பித்தால் ஏக்கம் அடங்காது, மாலைக்குள் சிகரெட் பற்றவைத்துவிடுவார்.

பொருள்களின் பட்டியலும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். வெண்ணெய் மணம் தரும் டயாசிடைல் மூச்சோடு உள்ளே போனால் சிறு காற்றுக்குழாய்களைக் கெடுக்கும். அது இல்லை என்று உறுதிசெய்யுங்கள். எண்ணெய் எதையும், எண்ணெய் கலந்த சமையல் எசன்ஸ் உட்பட, டேங்கில் ஊற்றவே கூடாது. 2019-ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள். 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் உறுதிசெய்தது. பெரும்பாலும் அது கள்ளச் சந்தைக் கஞ்சா கார்ட்ரிட்ஜ்களில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளோடு தொடர்புள்ளது என்று தெரியவந்தது.

நிக்கோடின் திரவம் விஷம். குழந்தை வாயில் ஒரு மடக்கு போனாலும் உயிருக்கே ஆபத்து. மூடி இறுக்கமாக, பூட்டி, உயரத்தில் வையுங்கள். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் முறை நிரப்புவது

அவசரப்பட்டால் புதுக் காயில் ஒரே நிமிடத்தில் பாழாகிவிடும். முதலில் கருவியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். காயிலைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். சின்னச் சின்னத் துளைகள் வழியாக வெள்ளைப் பஞ்சு தெரியும். ஒவ்வொரு துளையிலும் ஒரு துளி திரவம் விடுங்கள். பஞ்சின் வெண்மை மங்கி, ஈரமாகி, ஒளி ஊடுருவுவதுபோல் ஆகும். நடுக்குழாய்க்குள் ஊற்றாதீர்கள், அப்புறம் இழுக்கும்போது வாய்க்குள் திரவம் தெறிக்கும். காயிலை பாட் உள்ளே நேராக அழுத்திப் பொருத்துங்கள். ரப்பர் மூடியைத் திறந்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, மூடியை ஒழுங்காக அழுத்துங்கள்.

இப்போது பத்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பஞ்சு நடுவரை ஊற நேரம் வேண்டும். அதற்குப் பிறகு பொத்தானை அழுத்தாமல், பொத்தான் இல்லாத வகையென்றால் கருவியிலிருந்து பாட்டைக் கழற்றிக்கொண்டு, இரண்டு மூன்று தடவை மெல்ல இழுங்கள். டேங்குக்குள் ஒரு குமிழி எழுந்து மேலே போவது தெரிந்தால் பஞ்சு திரவத்தை வாங்கிக்கொள்கிறது என்று பொருள்.

முதல் இழுப்பு மென்மையாக இருக்கட்டும். மூன்று நான்கு விநாடி, நிதானமாக. சிகரெட்டைப்போல் வெடுக்கென்று இழுத்தால் ஆவிக்குப் பதில் திரவம் வரும். அடுத்த இழுப்புக்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

பேட்டரி

உள்ளே பொருத்திய பேட்டரி என்றால் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். கருவியோடு வந்த கேபிளையோ நல்ல தரமான கேபிளையோ பயன்படுத்துங்கள். வேகச் சார்ஜரில் போட வேண்டாம். தலையணைக்கு அடியிலோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்க வேண்டாம். தூங்கப்போகும்போது சார்ஜில் விட வேண்டாம்.

கழற்றக்கூடிய பேட்டரிக்கு மாறுகிறீர்கள் என்றால் இதை மனதில் நிறுத்துங்கள். 18650 என்பது 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பேட்டரி. 21700 என்பது 21-ம் 70-ம். பேட்டரியின் மேல் மின்கொள்ளளவு மில்லி ஆம்பியர் மணியில் பெரிதாகப் போட்டிருக்கும். வேப்புக்கு அதைவிட முக்கியம், தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பது. முழுச் சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட் இருக்கும். 0.2 ஓம் காயிலில் நேரடியாகப் பாய்ந்தால் 21 ஆம்பியர்; 0.1 ஓம் என்றால் 42. நல்ல பேர்பெற்ற 18650 பேட்டரிகளில்கூடப் பெரும்பாலானவை 20, 25 ஆம்பியர்தான் தாங்கும். அதற்கு மேல் போட்டிருக்கிற எண்களை நான் நம்புவதில்லை.

பேட்டரியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பாருங்கள். அடிப்பகுதியும் உடல் முழுவதும் எதிர்முனை. மேலே நடுவில் மட்டும்தான் நேர்முனை. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வளையமும் அந்த உறையும்தான் தடுப்பு. உறை நகக்கண் அளவு கிழிந்தாலும் பயன்படுத்தாதீர்கள். சாவி, சில்லறை கிடக்கும் பையில் பேட்டரியைத் தனியாகப் போடவே கூடாது. உலோகம் இரண்டு முனையையும் தொட்டால் நொடியில் கொதித்துத் தீப்பிடிக்கும். சின்னப் பிளாஸ்டிக் டப்பா போதும், அதில் போட்டு வையுங்கள். விமானத்தில் கருவியும் பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல. மேலே போனதும் காற்றழுத்தம் குறைந்து டேங்க் ஒழுகும் என்பதால் அதைக் காலி செய்துவிடுங்கள்.

வழக்கமாக வரும் தொல்லைகள்

கருகல் சுவை: திரவம் குறைந்திருக்கலாம், வாட் கூடியிருக்கலாம், இடைவெளி விடாமல் இழுத்திருக்கலாம். இதெல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் காயில் தீர்ந்துவிட்டது. ஒருமுறை கருகிய பஞ்சு தேறாது. காயில் பொதுவாக ஒன்றிரண்டு வாரம் வரும். இனிப்புச் சேர்த்த திரவம் என்றால் சீக்கிரம் போய்விடும். கழற்றிப் பார்த்தால் கம்பியின் மேல் கருஞ்சர்க்கரைபோல் படிந்திருக்கும்.

கீழே ஒழுகினால் காயில் சரியாக உட்காரவில்லை, அல்லது ரப்பர் வளையம் நகர்ந்திருக்கிறது, அல்லது திரவம் மிகவும் நீர்த்தது. களகளவென்று சத்தம் கேட்டால் நடுக்குழாயில் திரவம் தேங்கியிருக்கிறது: பாட்டைக் கழற்றி, ஒரு டிஷ்யூவைச் சுற்றி இரண்டு தட்டு தட்டுங்கள், போய்விடும். கருவி விளக்கு மினுக்கி வேலை செய்யாவிட்டால் பாட்டின் அடியிலும் கருவியின் உள்ளேயும் இருக்கும் பித்தளை முனைகளைக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். பாதித் தொல்லைகள் அங்கேயே தீரும். திரவம் நாளாக ஆக அடர்பழுப்பாக மாறுவது நிக்கோடின் காற்றோடும் ஒளியோடும் சேர்வதால். குளிர்ந்த, இருட்டான இடத்தில் வைத்தால் மெதுவாகும்.

அளவைக் குறைப்பது

முதல் மாதங்களில் குறைப்பதைப் பற்றி நினைக்க வேண்டாம். சிகரெட்டை ஒன்றுகூட இல்லாமல் விடுவதுதான் அப்போதைய வேலை. அது நிலைத்த பிறகு 20-லிருந்து 10, அதிலிருந்து 6, 3 என்று இறங்கலாம். ஒவ்வொரு படியிலும் சில வாரங்கள் நில்லுங்கள். அளவைக் குறைத்ததும் அடிக்கடி இழுக்கத் தோன்றும். ஒரு பாட் எத்தனை நாள் வருகிறது என்று குறித்து வைத்தால் உண்மையில் குறைகிறதா என்று தெரிந்துவிடும். சிகரெட் ஏக்கம் திரும்பத் தலைதூக்கினால் ஒரு படி மேலே ஏறிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 3-க்கு வந்தபிறகு 0 மில்லிகிராம் திரவத்தையும் அதையும் கலந்து நிரப்பி, மெல்ல மெல்ல 0-வின் பங்கைக் கூட்டுங்கள்.

கருவி தேவைப்படாமல் போகும் நாளில் அதை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். கழற்றக்கூடிய பேட்டரியின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உள்ளே பொருத்தியது என்றால் கருவியை உடைக்காமல் அப்படியே கொடுங்கள்.